உடன்படிக்கை ஞாயிறும் என் அண்ணியின் தூக்கமும்

எங்கள் சபையில் என் அண்ணிக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள். நானே வைத்திருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சும்மா சொல்லக்கூடாது, அவள் தூங்குகிற அழகே தனி. குறட்டை கிடையாது, வாய் பிளக்காது. பாட்டுப் புத்தகம் மடியில் சரியான பக்கத்தில் திறந்திருக்கும்; கண் மட்டும் மூடியிருக்கும். சபையார் எழுந்து நின்றால் அவளும் எழுந்து நிற்பாள், கண்ணைத் திறக்காமலே. ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னால் அவளும் சொல்வாள், கொஞ்சம் பிந்தி. கும்பகர்ணனாவது படுத்துத் தூங்கினான், இவள் நின்றுகொண்டே தூங்குகிறாள் என்று நான் சொல்லிச் சிரித்ததுண்டு. இப்போது அதை எழுதக் கை கூசுகிறது.

என் அண்ணன் மின்சார வேலைக்காரன். ஒரு மண்டபத்தில் விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, கைகளிலும் பலமில்லை. படுக்கையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள் என்று சொல்லி டாக்டர் அனுப்பினார். அண்ணி திருப்பிப் போட ஆரம்பித்தாள். ஒன்பது வருடம் ஆகிறது, ஒரு புண் வந்ததில்லை. அவள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கியும் ஒன்பது வருடம் ஆகிறது.

இதற்கு நடுவில் வேலை வேறு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விடிவதற்கு முன்பே உள்ளே போனால் மத்தியானம்தான் வெளியே வருவாள். அதுவரைக்கும் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்துக்கும் அவள்தான். சலவைப் பிரிவில் ஈரப் படுக்கை விரிப்புகள் முறுக்கிக்கொண்டு வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, கொதிக்கிற உருளைக்குள் தள்ள வேண்டும். மறுபுறம் இரண்டு பேர் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார்கள். அண்ணி தள்ளுகிற பக்கம். அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் சிவந்து தோலுரிந்திருக்கும். விரிப்புகளில் சுருண்டு வரும் மூக்குக் கண்ணாடி, பல்செட், ஒற்றைக் கம்மல் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் வார்டு வார்டாகப் போய் உரியவரைத் தேடிக் கொடுப்பாள். வீட்டுக்குப் போய்ப் படுப்பதை விட்டுவிட்டு யாருடைய பல்லையோ தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும். பல்லில்லாமல் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்பாள்.

இனி உடன்படிக்கை ஞாயிறு. வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிப்போம். இது எங்கள் முன்னோர் நல்ல எண்ணத்தோடு தொடங்கியதுதான். வேதத்தைப் புரட்டிப் பார்த்தால் இதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது தெரியும். கடவுள் எத்தனையோ தடவை மனிதனோடு உடன்படிக்கை செய்கிறார்; மனிதன் மை காய்வதற்குள் அதை மீறிவிடுகிறான். சீனாய் மலையடியில் எல்லாம் செய்வோம் என்று ஒரே குரலாகச் சொன்ன ஜனம், நாற்பது நாள் பொறுக்காமல் பொன் கன்றுக்குட்டி வார்த்துக் கும்பிட்டது. அவரும் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கடைசியில், கல்லில் எழுதினால் இவர்களுக்கு ஆகாது, இருதயத்திலே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் மட்டும் இன்னும் பதிவேட்டில்தான் எழுதுகிறோம்.

அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவள் நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் என்பதால் இந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முதல் ஞாயிறு அன்று சபைச் செயலாளர் பேர் பேராக அழைப்பார். அழைக்கப்பட்டவர் எழுந்து நின்று, "இருக்கிறேன், இருப்பேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் உடன்படிக்கை. சொன்னவருக்கு ஒரு சரி, சொல்லாதவருக்கு ஒரு பெருக்கல் குறி. படுக்கையில் கிடப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இரண்டு தடவை அழைப்பார்கள், மூன்றாவது தடவை இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக்கூடாது. தொடர்ந்து நாலு வருடம் பெருக்கல் குறி விழுந்தால் பேர்மேல் சிவப்புக் கோடு. பிறகு அவர் சபையில் இல்லை.

செயலாளர் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தும் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். தராசு ஐயா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கெட்ட மனுஷன் இல்லை. தட்டு ஒரு இழை சாய்ந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

அண்ணன் விழுந்த முதல் ஆறு வருடம் என் முழங்கைதான் அண்ணியைக் காப்பாற்றியது. பேர் வருவதற்கு முன்னால் ஒரு இடி இடிப்பேன், எழுந்து சொல்லிவிடுவாள். ஏழாவது வருடம் கொஞ்சம் பலமாக இடித்துவிட்டேன். துள்ளி எழுந்து, "பிடிச்சிட்டேன், அடுத்த ஷீட்டைத் தள்ளு" என்று சபை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. அந்தச் சிரிப்பில் அவள் பேரை இரண்டு தடவை அழைத்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. எனக்கு மானம் போயிற்று. அதற்குப் பிறகு நான் இடிக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிவேடு பார்க்கிறவள் அல்லவா, சொன்னது "அடுத்த ஷீட்" தானே, அது உடன்படிக்கை வாசகம் இல்லையே என்று அந்த வருடமே பெருக்கல் குறி போட்டேன். அடுத்த இரண்டு வருடமும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருக்கும்போதே போட்டேன்.

நாலாவது வருடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளி மத்தியானம் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் நின்றேன். அண்ணி தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை பதில் சொல்லாவிட்டால் பேர் போய்விடும் என்றேன். அவள் எதற்கும் பதறுகிறவள் இல்லை. அன்றைக்கு அங்கிருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குத் தாய் தகப்பன் யாரென்று தெரியாது. விடுதியில் வளர்ந்தவள். பிறந்த தேதிகூட மேட்ரன் குத்துமதிப்பாகப் போட்டது. அங்கே ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் வேறு பேர், சலவைப் பிரிவு அட்டையில் அவளுக்கு முன்னால் வேலையில் இருந்தவளின் பேர். மாற்றித் தருகிறோம் என்று சொல்லி இன்னும் மாற்றவில்லை. பதினேழு வயதில் எங்கள் சபையில் சேர்ந்தபோது, அப்போதிருந்த போதகர் பதிவேட்டைத் திறந்துவைத்து, உனக்கு எந்தப் பேர் பிடிக்கும் என்று கேட்டாராம். அவள் யோசித்துச் சொன்னதை அப்படியே எழுதினாராம். நாற்பத்தோராம் பக்கம். பிற்பாடு அதே பக்கத்தில்தான் அவள் பேருக்கு மேலே அண்ணனைச் சேர்த்து எழுதினார்கள். கணவனை இழந்து நான் திரும்பி வந்தபோது என்னையும் அவளுக்குக் கீழே எழுதினார்கள்.

"நானா கேட்டு எழுதின பேரு அது ஒண்ணுதான்" என்றாள். "அதையும் அடிச்சிட்டா நான் எங்கே இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?"

ஒரு சரி போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று மெதுவாக இழுத்தேன். முப்பது வருடத்தில் நான் யாருக்கும் சொல்லாத வார்த்தை. அவள் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். கடவுள்கிட்டே சொல்றதுலே போய்ப் பொய் எதுக்கு? நான் முழிச்சிருக்கேன். நீ என்னை இடி. நல்லா இடி, பரவாயில்லே."

ஞாயிற்றுக்கிழமை படைக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். கழுத்தில் ஈரக் கைக்குட்டை. வாயில் மிளகு. உள்ளங்கையில் ஒரு துணிக் கிளிப்பை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். முதல் பாட்டை எல்லோருக்கும் மேலே சத்தமாகப் பாடினாள். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேதபாடம் வாசிக்க ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் எழுந்தார். உடன்படிக்கை ஞாயிறு என்றால் எங்களுக்கு ஒரே பாடம்தான்: யோசுவா ஜனங்களை நிற்கவைத்து, யாரைச் சேவிப்பீர்கள் என்று கேட்டு அவர்களிடம் வார்த்தை வாங்குகிற பகுதி. ஆனால் வேதாகமத்தைத் துடைத்த யாரோ பக்க அடையாள நாடாவை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். கண்டக்டர் கையில் கொடுத்த பக்கத்தைப் படிக்கிறவர். விசில் அடிக்காமல் வண்டி நிற்காது. ஆதியாகமத்தில் ஆபிராமின் உடன்படிக்கையை, நிறுத்தம் நிறுத்தமாக உரக்க வாசித்துக்கொண்டு போனார். தராசு ஐயா நெளிந்தார். போதகர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தெரிந்த கதைதான். ஆபிராம் ஒரு கிடாரியையும் ஆட்டையும் கடாவையும் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறான். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிற இருவரும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடக்க வேண்டும். வார்த்தை மீறினால் எனக்கும் இந்தக் கதிதான் என்று அர்த்தம். வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். இறைச்சியைத் தின்னப் பறவைகள் இறங்குகின்றன. அவன் விரட்டுகிறான். பொழுது சாய்கிறது.

அண்ணி என் பக்கம் சாய்ந்து, "பாவம், பகல் பூரா பறவை விரட்டியிருக்கான்" என்றாள்.

கண்டக்டர் அடுத்த வரிக்குப் போனார். ஆபிராம் அயர்ந்து தூங்கிப்போனான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எங்கள் வரிசையைப் பார்த்துத்தான் இருக்கும். இருட்டியபின் புகைகிற ஒரு சூளையும் எரிகிற ஒரு தீப்பந்தமும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோயின. அன்றைக்குக் கர்த்தர் ஆபிராமோடு உடன்படிக்கை செய்தார். வாசிப்பு முடிந்தது.

ஆபிராம் எங்கே நடந்தான் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அவன் நடக்கவில்லை. இருக்கிறேன், இருப்பேன் என்று சொல்லவும் இல்லை. தூங்கிவிட்டான். நடக்க வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் மட்டும், கர்த்தர் மட்டும், நெருப்பாக நடந்தார். அவனை எழுப்பவும் இல்லை. ஐம்பது வருடம் கேட்ட கதையில் இதை நான் கவனித்ததே கிடையாது. கவனித்தபோது ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது. அப்படியானால் வருடா வருடம் நான் எழுந்து நின்று சொன்னதற்கு என்ன மதிப்பு?

பிரசங்கம் பாதி போனபோது என் தோள் கனத்தது. துணிக் கிளிப் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அண்ணி தூக்கத்துக்குள் போய்விட்டாள். கைக்குட்டையும் மிளகும் அவளால் ஆனதைச் செய்து பார்த்துத் தோற்றுவிட்டன.

பேர்கள் ஆரம்பித்தன. நான் மடியில் பதிவேட்டை வைத்துக் குறி போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பதாம் பக்கம் முடிந்தது. அண்ணன் பேர், நோய், விலக்கு. முழங்கையைத் தூக்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அது தூக்கம் இல்லை; எங்கேயோ ஆழத்தில் விழுந்து கிடந்தாள். அவள் பேர் கேட்டது. என் முழங்கை அசையவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டது. இடிக்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. யாரோ இருமினார்கள்.

அடுத்த பேர் என்னுடையது.

நான் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் என் தோளில் இருக்கும் தலை விழும். அவள் விழித்துக்கொள்வாள், பேர் போனது தெரியும், அதோடு வீட்டுக்குப் போய் அண்ணனைத் திருப்பிப் போடுவாள். இதுதான் கணக்கு. ஆனால் அது மட்டும் இல்லை. அண்ணன் விழுந்த மறுவருடம், இதே ஞாயிறு அன்று, சனிக்கிழமை இரவுகளில் நான் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் ஒரு இரவாவது முழுசாகத் தூங்கட்டும் என்று கடவுளுக்கும் அவளுக்கும் வாக்குக் கொடுத்தவள் நான். நாலு சனிக்கிழமை போனேன். ஐந்தாவது வாரம் முழங்கால் வலி, மூன்று மாடி ஏற முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வலி உண்மைதான். ஒரு வாரத்தில் போய்விட்டது. போய்விட்டது என்று மட்டும் நான் சொல்லி அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வருடா வருடம் எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்று, இருக்கிறேன், இருப்பேன் என்று சொன்னேன். எனக்கு நானே சரி போட்டுக்கொண்டேன்.

தராசு ஐயா என் பேரை அழைத்தார். நான் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை அழைத்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே. சபை முழுவதும் திரும்பியது. என் முப்பது வருட மானமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் காற்றோடு போனது. என் பேருக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். சோர்வாக மட்டும் இருந்தது, ரொம்ப நாள் தூக்கிக்கொண்டு நின்றதைக் கீழே வைத்த மாதிரி. அண்ணி பேருக்கு நேரே ஒன்றும் போடாமல் விட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அவள் தலையை மெதுவாகப் பெஞ்சின் சாய்மானத்தில் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனேன். தராசு ஐயா நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். அண்ணி பேருக்கு நேரே ஏன் காலி என்று கேட்டார். என்ன போடுவது என்று தெரியவில்லை என்றேன். விதி தெரியுமே என்றார். தெரியும் என்றேன். சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார். விதிப்படி கோட்டைப் பதிவேடு வைத்திருப்பவர்தான் போட வேண்டும். நான் பேனாவைத் தொடவில்லை.

"இன்னைக்கு வாசிச்சது தப்பான பாடம்மா" என்றார், என் மனதில் ஓடுவது தெரிந்த மாதிரி.

"தப்பான பாடம்தான், ஐயா. ஆனா அதுவும் வேதத்துலேதானே இருக்கு. தூங்கிட்டான்னு ஆபிராம் பேரை யாரு அடிச்சா?"

அவர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். அவருக்குக் கோபம் இல்லை என்பதைக் கண்டேன், களைப்பு. அவரும் பதினைந்து வருடமாக அந்தப் பேர்களை வாசிக்கிறார். கடைசியில், கோடு போடக் கை வராத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். தராசு வைத்துப் பிழைத்த மனுஷன் அன்றைக்குத் தட்டைப் பார்க்காமலே போனார்.

அண்ணி வாசலில் நின்றாள். பெஞ்சு நகர்த்துகிற சத்தத்தில் விழித்திருப்பாள். கன்னத்தில் என் புடவைத் தையலின் அச்சு. கூப்பிட்டார்களா என்று கேட்டாள். கூப்பிட்டார்கள் என்றேன். எழுந்தேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகம் விழுந்ததைப் பார்க்கச் சகிக்காமல், "பேரு இருக்கு, அண்ணி. வந்து பாருங்க" என்றேன்.

நம்பாமல் வந்தாள். தோலுரிந்த விரலை வரி வரியாக வைத்துத் தேடினாள். தன் பேரைக் கண்டதும் விரலை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எப்படி என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"இது உன் பேராச்சே. உனக்கு எப்படி இந்தக் குறி விழுந்தது?"

"எழுந்து நிக்க முடியலே, அண்ணி."

அவள் பதிவேட்டை மறந்துவிட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்தாள். எதிரே குனிந்து, சிவந்த கையை என் முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"எட்டு வருஷமாச்சு, இன்னும் அந்த வலி போகலையா? சொல்லியிருந்தா நான் வந்து எண்ணெய் தேய்ச்சு விட்டிருப்பேனே" என்றாள்.